பிரேமிங்ஹாம்: எலும்பும் மூளையும் ஓர் ஊரின் ஏட்டில்

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் மாநகரிலிருந்து மேற்கே சுமார் 32 கிலோமீட்டர் தூரத்தில் அமைந்த பிரேமிங்ஹாம் என்னும் ஊருக்கு மலையழகோ, கடற்கரையோ, பெரும் போர்க்களமோ பெயர் தேடித் தரவில்லை. காகிதச் சீட்டுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றும், பின்னாளில் மோட்டார் வண்டி ஆலை ஒன்றும், அவற்றில் உழைத்துப் பிழைத்த நடுத்தரக் குடும்பங்களுமாக விளங்கிய அவ்வூரின் பெயரை உலகத்து வைத்தியர்கள் இன்று அறிந்திருப்பதற்குக் காரணம், அவ்வூரார் தங்கள் தேகத்தையே மூன்று தலைமுறைகளாக ஆராய்ச்சிக்கு ஒப்புக்கொடுத்து வந்தமையேயாம். இருதய நோயின் காரணங்களைத் துலக்கிய ஊர் என்று அதனைப் புகழ்வார் பலர், அப்புகழ் தகுதியானதே. ஆனால் அந்த ஊரின் ஏடுகளில் அதிகம் பேசப்படாத வேறொரு செய்தியும் உண்டு. வயது முதிரும்போது எலும்பின் அடர்த்தி குறைவதற்கும், மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் பழுதடைவதற்கும் ஏதேனும் சம்பந்தம் உண்டோ என்னும் கேள்விக்கு, ஒரே மனிதர்களின் எலும்பையும் ரத்தக்குழாயையும் மூளையையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து விடை தேடிய இடங்களுள் அது தலையாயது. அந்தத் தேட்டத்தின் சரித்திரமே இங்குச் சொல்லப் புகுந்தது.

ஊரின் பழமை பதினேழாம் நூற்றாண்டின் இறுதிக்குச் செல்லும். 1692இல் ஸேலம் என்னும் ஊரில், சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி நிரபராதிகளைத் தூக்கிலிட்ட கொடுமை நிகழ்ந்ததன் பின், அதில் அடிபட்ட குடும்பங்கள் சில அங்கிருந்து வெளியேறி இப்பக்கம் வந்து குடியமர்ந்தன. அவர்கள் வாழ்ந்த இடத்துச் சாலை இன்றும் ஸேலம் எண்ட் என்றே வழங்குகிறது. 1700இல் அது முறைப்படி ஊராக அமைந்தது. ஊர்க்காரியங்களைக் குடிமக்களே கூடிப் பேசித் தீர்மானிக்கும் நியூ இங்கிலாந்து வழக்கம் அங்கே நெடுங்காலம் நிலைத்திருந்ததென்பது நம் விஷயத்துக்குப் புறம்பானதன்று. ஏனெனில் பின்னால் வைத்தியர்கள் வந்து கதவைத் தட்டியபோது, அயலாரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் அந்தப் பழக்கமே அவர்களுக்குக் கைகொடுத்தது. அதற்கும் முன்னரே, 1917இல், மெட்ரோபாலிடன் லைஃப் இன்ஷியூரன்ஸ் கம்பெனியின் பொருளுதவியோடு, காசநோயை ஒரு முழு ஊரிலும் தேடிக் கண்டுபிடித்து அடக்க முடியுமா என்று பரீட்சித்துப் பார்ப்பதற்கும் பிரேமிங்ஹாமே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. வீடு வீடாகச் சென்று ஆரோக்கியமாக இருப்பவரையும் சோதிப்பது என்பதன் பொருள் அவ்வூராருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பின்னர் நிகழ்ந்த பெரிய ஆராய்ச்சிக்கு வித்திட்டது ஒரு மூளை ரத்தக்குழாயின் வெடிப்பு என்பதை நினைக்குந்தோறும் வியப்பு உண்டாகிறது. 1944ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஹவார்ட் புரூன் என்னும் இளம் இருதய வைத்தியர், ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 186க்கு 108 என்றிருக்கக் கண்டு திகைத்தார். ஆயினும் ஜனாதிபதியின் பிரதான வைத்தியரோ, அவருடைய தேகநிலை அவர் வயதுக்கு ஏற்றதே என்று உலகத்துக்குச் சொல்லி வந்தார். அதில் வஞ்சகம் எவ்வளவு, அறியாமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்; வயது ஏறஏறக் குழாய்கள் இறுகுவதால், அவற்றினூடே ரத்தத்தைச் செலுத்த அழுத்தம் கூடுவது இயற்கையின் ஏற்பாடே என்று அக்காலத்துப் பெரிய வைத்தியர்களும் மெய்யாகவே நம்பினர். அடுத்த ஆண்டு, 1945 ஏப்ரல் 12ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில், தலையின் பின்புறத்தில் கடுமையான வலி என்று சொல்லிக்கொண்டே ரூஸ்வெல்ட் சாய்ந்தார். அழுத்தம் 300க்கு 190 என்று காட்டியது. சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 63. உலக யுத்தத்தை நடத்திய தலைவர் ஒருவர், அளந்து தெரிந்தும் பொருளறியாத ஓர் எண்ணால் மாண்டார் என்பது அந்நாட்டாரின் மனத்தைத் தைத்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி, அவருக்குப் பின் வந்த ஜனாதிபதி ட்ரூமன் தேசிய இருதயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவ்வாண்டிலேயே பிரேமிங்ஹாம் ஆராய்ச்சி தொடங்கிற்று.

கில்சின் மெடோர்ஸ் என்னும் இளைஞரான அரசாங்க வைத்தியர் தொடக்கத்தில் பொறுப்பேற்றார். ஊரிலுள்ள வைத்தியரையும், பள்ளி ஆசிரியரையும், கடைக்காரரையும், சங்கங்களின் தலைவிமாரையும் கண்டு பேசி, அண்டை வீட்டாரை அண்டை வீட்டாரே அழைத்து வரும்படி செய்தவர் அவரே. அவருக்குப் பின் வந்த தாமஸ் ராயல் டாபர் அதைக் கண்டிப்பான விஞ்ஞான ஒழுங்குக்குக் கொண்டு வந்தார். அக்காலத்தில் 28,000 பேர் வாழ்ந்த அவ்வூரிலிருந்து, ஆண்கள் 2,336 பேரும் பெண்கள் 2,873 பேருமாக 5,209 பேர் சேர்ந்தனர். பெண்களை ஆண்களினும் அதிகமாகச் சேர்த்துக்கொண்டது அந்நாளைய ஆராய்ச்சி உலகில் அபூர்வம். எலும்பைப் பற்றிய பிற்காலக் கண்டுபிடிப்புகள் அனைத்தும் அந்த ஒரு தீர்மானத்துக்குக் கடன்பட்டவை. இவர்களுக்குச் சம்பளம் இல்லை, இலவச சிகிச்சையும் இல்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்து, ரத்தம் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் விடை சொல்லி, தங்கள் குடும்ப வைத்தியருக்கு ஒரு கடிதம் போகும் என்ற அளவோடு திருப்தி அடைந்து திரும்பினர். இருபதாண்டுக்கென்று வகுத்த திட்டம் முடிவடையும் காலம் நெருங்கி, அரசாங்கம் கைவிரித்துவிடும் நிலை வந்தபோது, டாபர் ஊர் ஊராகச் சென்று தனியாரிடம் பணம் திரட்டினார். பாஸ்டன் சர்வகலாசாலை ஆதரித்தது. 1971இல் முதல் தலைமுறையினரின் பிள்ளைகளும் அவர்தம் வாழ்க்கைத் துணைவருமாக 5,124 பேர் புதிதாகச் சேர்ந்தனர். 2002இல் பேரப்பிள்ளைகளும் வந்தனர்.

மூளை ரத்தக்குழாய்களைப் பற்றி இந்த ஏடு சொன்னது முதலில் வெளிப்பட்டது. 1970இல் வில்லியம் கானல், பிலிப் உல்ஃப் முதலியோர், பக்கவாதத்துக்கு அடிப்படை ரத்த அழுத்தமே என்றும், பயமின்றி ஏறவிடத்தக்க அழுத்தம் என்று ஒன்று இல்லை என்றும், இரு எண்களில் மேலெண்ணைப் பொருட்படுத்தாமல் விடுவது பிழை என்றும் நிலைநாட்டினர். ரூஸ்வெல்ட்டைக் கொன்ற நம்பிக்கை அதனால் அடியோடு சாய்ந்தது. 1978இல், இருதயத்தின் மேலறை சீரின்றித் துடிக்கும் நிலை பக்கவாதத்தின் அபாயத்தை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது என்று காட்டினர். நடு வயது கடந்த பெண்களுள் ஐவரில் ஒருவருக்கும், ஆண்களுள் அறுவரில் ஒருவருக்கும் மிச்ச ஆயுளில் பக்கவாதம் வரக்கூடும் என்னும் கணக்கு 2006இல் வந்தது. இவையெல்லாம் பாடப்புத்தகங்களில் உள்ளவை, விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எலும்பின் கதை அவ்வளவு நேராகச் செல்லவில்லை. இருதயத்தைக் காண வந்தவர்கள் எலும்பை ஏன் படமெடுத்தனர் என்று கேட்கலாம். ஊர் முழுவதும் வரிசையில் நிற்கும்போது வேறு துறையினரும் தத்தம் கேள்விகளைக் கொண்டுவந்து சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அவ்வாறே 1960களின் பிற்பகுதியில் கைகளுக்கும், முதுகின் கீழ்ப்பகுதிக்கும் எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுக்கப்பட்டன. எலும்பின் அடர்த்தியை நேரே அளக்கும் கருவி மருத்துவமனைகளுக்குப் பரவாத காலம் அது. ஆகவே உள்ளங்கையில் ஆட்காட்டி விரலுக்குக் கீழுள்ள சிற்றெலும்பை எடுத்துக்கொண்டு, அதன் வெளிச்சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்கிறதென்று படத்தின்மேல் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். அந்தப் படங்கள் பெட்டிகளில் கால் நூற்றாண்டு உறங்கிக் கிடந்தன என்றாலும், எறியப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் அதே மனிதர்களின் கைகளும் முதுகும் மறுபடியும் படமெடுக்கப்பட்டன. முதுகின் படத்தில் எலும்போடு கூட வேறொன்றும் விழுந்திருந்தது: முதுகெலும்பின் முன்னால் ஓடும் மகாதமனியின் சுவரில் படிந்த சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது.

டக்ளஸ் கீல் என்பவரும் அவருடன் இருந்தோரும் 2001இல் வெளியிட்ட ஒப்பீடு அந்த இரு படங்களையும் ஒருசேர வைத்துப் பார்த்ததன் பயன். பெண்கள் 364 பேர், ஆண்கள் 190 பேர். இருபத்தைந்து ஆண்டுகளில் பெண்களின் கையெலும்புச் சுவர் 22.4 விழுக்காடும், ஆண்களுடையது 13.3 விழுக்காடும் தேய்ந்திருந்தது. அதே காலத்தில் தமனிச்சுவரின் சுண்ணாம்பு பெண்களிடத்தில் எட்டு மடங்குக்கு மேலும், ஆண்களிடத்தில் ஆறு மடங்கும் பெருகியிருந்தது. எவ்வளவு எலும்பு இழந்தார்களோ அவ்வளவுக்குத் தமனியில் சுண்ணாம்பு ஏறியது என்னும் தொடர்பு பெண்களிடத்தில் தெளிவாகவும், ஆண்களிடத்தில் தென்படாமலும் இருந்தது. எலும்பு இழந்த அதே பெண்ணின் தமனியே அதிகம் இறுகிற்று என்பதை, அப்பெண்ணையே கால் நூற்றாண்டு இடைவெளியில் இருமுறை கண்டாலன்றி யாரும் சொல்லியிருக்க முடியாது. இந்த ஓர் ஒப்பீட்டுக்காகவே அந்த ஊராருக்கு நன்றி செலுத்தத் தகும் என்பது என் அபிப்பிராயம்.

சுண்ணாம்பு எலும்பை விட்டு நீங்கித் தமனியில் போய்ப் படிகிறது என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும். வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் உப்புப் படிவதுபோல, முதுமையில் தமனிகளில் தானாகவே சுண்ணாம்பு ஒட்டிக்கொள்கிறது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய வைத்தியர் ருடால்ஃப் வீர்ஹோ, தமனிச்சுவரில் காணப்படுவது வெறும் படிவன்று, உண்மையான எலும்பாக்கமே என்று சொல்லியிருந்தும், அவ்வார்த்தை நூறாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1997இல் சுண்டெலிகளின் உடலில் ஒரு குறிப்பிட்ட புரதத்தை இல்லாமற் செய்தபோது, அவற்றின் தமனிகள் எலும்பைப் போல இறுகி வெடித்தன. ஆகவே தமனி இறுகாமல் இருப்பதே உடல் விழிப்போடு செய்துகொண்டிருக்கும் ஒரு வேலை என்று புலப்பட்டது. மறு ஆண்டில், ஆஸ்டியோபுரொடெகரின் என்னும் வேறொரு புரதத்தை நீக்கிய சுண்டெலிகளில், எலும்பு மெலிவும் தமனியில் சுண்ணாம்பேற்றமும் ஒரே பிராணியில் ஒருங்கே தோன்றின. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களை அடக்கி வைப்பது அந்தப் புரதத்தின் தொழில். ஒரே தடை நீங்க, எலும்பு தேய்வதும் குழாய் இறுகுவதும் கூடவே நேர்வதைக் கண்டபின், பிரேமிங்ஹாம் ஸ்திரீகளின் படங்களில் கண்ட தொடர்பு தற்செயலாய் இருக்க வேண்டியதில்லை என்று நம்ப இடமுண்டாயிற்று.

பெண்களிடத்தில் மட்டும் இது விளங்கித் தோன்றியதற்கு விடையை, அயலூரான பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்னும் மேதை 1940களின் தொடக்கத்திலேயே பாதி சொல்லி வைத்திருந்தார். மாதவிலக்கு நின்றபின் பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு வற்றுவதாலேயே முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழுகிறது என்பது அவர் கண்டது. 1976இல் பிரேமிங்ஹாம் ஆராய்ச்சியாளர், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதே வயதில் நில்லாத பெண்களைவிட இருதய ரத்தக்குழாய் நோய் மிகுதி என்று கண்டு சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள், வற்றிய சுரப்பை மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் எலும்பும் காக்கப்படும், குழாயும் காக்கப்படும், மூளையும் காக்கப்படும் என்று முடிவு கட்டியதில் ஆச்சரியமில்லை. லட்சக்கணக்கான பெண்கள் அம்மாத்திரையை விழுங்கினர்.

இங்கேதான் ஊரின் ஏடு தன் நேர்மையைக் காட்டிற்று. 1985 அக்டோபரில் அமெரிக்காவின் முதன்மையான வைத்திய சஞ்சிகை ஒன்றின் ஒரே இதழில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. பல்லாயிரம் தாதிமாரைக் கடிதமூலம் தொடர்ந்து வந்த ஆராய்ச்சி, ஈஸ்ட்ரோஜன் உண்டவர்களுக்கு இருதய நோய் குறைவு என்றது. பிரேமிங்ஹாமின் 1,234 பெண்களைக் கண்ட ஆராய்ச்சியோ, உண்டவர்களுக்கு நோய் அதிகம் என்றும், குறிப்பாக மூளை ரத்தக்குழாய் நோய் இரு மடங்குக்கு மேல் என்றும் சொல்லிற்று. பெரிய கூட்டத்தின் குரலையே உலகம் கேட்டது. சிறிய ஊரின் சொல்லை ஐயத்தோடு ஒதுக்கிவிட்டது. ஆனால் அதே ஊரின் வேறொரு ஏடு, 1987இல், ஈஸ்ட்ரோஜன் உண்ட பெண்களுக்கு இடுப்பெலும்பு முறிவு குறைவு என்றும், 1993இல், ஏழாண்டுகளுக்குக் குறையாமல் உண்டால்தான் எலும்பின் அடர்த்தி நிற்கும், எழுபத்தைந்து வயதுக்குமேல் அதுவும் அரிது என்றும் தெரிவித்தது. ஆக, எலும்புக்கு நன்மை, மூளைக் குழாய்க்குத் தீமை என்னும் இரு சாட்சியங்களும் ஓரூர்ப் பெண்களிடமிருந்தே கிடைத்திருந்தன. எந்தப் பெண்ணுக்கு எது கிடைக்கும் என்று குலுக்கல் முறையில் பிரித்து, 16,608 பெண்களிடம் நடத்திய பெரிய பரீட்சை 2002 ஜூலையில் இடைநிறுத்தப்பட்டபோது, ஈஸ்ட்ரோஜனோடு மற்றொரு சுரப்பும் சேர்ந்த மாத்திரை உண்டவர்களிடம் இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தும், பக்கவாதம் 41 விழுக்காடு கூடியும் இருக்கக் கண்டார்கள். பதினேழு ஆண்டுக்கு முன் பிரேமிங்ஹாம் சொன்னது பக்கவாதத்தைப் பொறுத்தவரை மெய்யாயிற்று.

எலும்பும் குழாயும் சேர்ந்தே நலிகின்றன என்பது உண்மையாயிருக்கலாம். ஒன்றைத் தாங்கினால் மற்றொன்றும் தாங்கப்படும் என்பது அதிலிருந்து பெறப்படாது. இந்த வேறுபாட்டை மறந்ததன் விலையை அந்நாட்டுப் பெண்கள் கொடுத்தார்கள். பிற்காலத்திலும் அவ்வாறே ஒன்று நேர்ந்தது: 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, எலும்பை விரைந்து கட்டும் ரோமோசோசுமாப் என்னும் ஊசி மருந்து, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைக் குறித்த கடுமையான எச்சரிக்கையைத் தன் உறையிலேயே சுமந்துகொண்டு வந்தது.

இனி, இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். 1933இல் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பக்கவாதத்தால் இறந்தான். எண்பது வயதுக் கிழவனுக்கு இருக்கத்தக்க கழுத்துத் தமனிகள் அந்தக் குழந்தைக்கு இருந்தன. காரணம் யாருக்கும் புலப்படவில்லை. 1962இல் வட அயர்லாந்தில், சிறுநீரில் ஹோமோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் சம்பந்தமான பொருள் மிகுந்து வெளிப்படும் பிறவி நோய் ஒன்று கண்டறியப்பட்டது. அந்நோயுற்ற குழந்தைகளுக்கு எலும்பு மெலிந்திருக்கும், கண்ணின் வில்லை இடம்பெயரும், ரத்தக்குழாய்கள் அடைபட்டு இளவயதிலேயே பக்கவாதம் வரும். 1933இல் இறந்த சிறுவனின் குடும்பத்திலேயே அந்நோய் ஓடியதென்று தெரிந்ததும், கில்மர் மக்கல்லி என்னும் வைத்தியர் பழைய பாதுகாப்பிலிருந்த அச்சிறுவனின் திசுக்களை எடுத்துப் பார்த்து, ஹோமோசிஸ்டீனே தமனியைக் கெடுக்கிறது என்னும் கொள்கையை 1969இல் வெளியிட்டார். கொழுப்பின் மேலேயே எல்லாக் கண்களும் இருந்த காலத்தில் அவர் சொல்லை ஏற்பார் இல்லை. தாம் வேலை பார்த்த பெரிய நிலையத்தை விட்டு நீங்கும்படியும் அவருக்கு நேர்ந்தது.

அக்கொள்கையை நிறுத்துப் பார்க்கும் தராசாகப் பிரேமிங்ஹாம் வாய்த்தது. பிறவி நோயில்லாத சாதாரண முதியோரிடத்திலும், ஃபோலேட், பி12 ஆகிய சத்துக்கள் குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஓரளவு ஏறும். 1995இல், 1,041 முதியோரிடம் பார்த்ததில், அது மிகுந்தவர்களுக்கு மூளைக்கு ரத்தம் ஏற்றும் கழுத்துத் தமனி குறுகியிருப்பது அதிகம் என்று வெளியாயிற்று. 2002இல், 1,092 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்ததில், அது ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலிருந்தவர்களுக்கு மறதி நோயின் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரிந்தது. இந்த ஆராய்ச்சியை முன்னின்று எழுதிய சுதா சேஷாத்ரி, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பயின்றவர் என்பது தமிழ்நாட்டார் மகிழத்தக்க செய்தி. 2004 மே மாதத்தில், பிரேமிங்ஹாம் ஆராய்ச்சியின் எலும்புக் குழுவினர், பல ஆண்டுகளுக்குமுன் எடுத்துப் பனியில் உறையவைத்திருந்த ரத்தத்தை அளந்து, ஹோமோசிஸ்டீன் மிகுந்த ஆண்களுக்கு இடுப்பு முறிவின் அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கும், பெண்களுக்கு இரு மடங்கும் என்று எழுதினார்கள். அதே சஞ்சிகையின் அதே இதழில், ஹாலந்து தேசத்து ராட்டர்டாமில் முதியோரை ஆராய்ந்த குழுவும் அதனையே சொல்லிற்று. ஓர் ஊரின் ரத்தத்தில் ஒரே பொருள் ஏறியிருந்ததைக் கண்டவர்கள், கழுத்துத் தமனியின் குறுக்கத்தையும், மூளையின் மங்கலையும், எலும்பின் முறிவையும் அதனோடு தொடர்புபடுத்தினார்கள். 1933இல் இறந்த குழந்தையின் நோய், தணிந்த வடிவில், முதியோர் பலரிடம் உலவிக்கொண்டிருந்ததோ என்று எண்ணும்படி ஆயிற்று.

ஆனால் இங்கும் அவசரப்படுவதற்கில்லை. ஹோமோசிஸ்டீனைக் குறைக்கும் பி வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்த பெரிய பரீட்சைகளில், ஒன்றில் பக்கவாதம் சற்றுக் குறைந்ததேயொழிய எலும்பு முறிவு குறையவில்லை. ஹாலந்தில் முதியோரிடம் நடந்த மற்றொன்றிலும் முறிவைத் தடுக்கும் பலன் மொத்தத்தில் காணப்படவில்லை. ஹோமோசிஸ்டீன் காரணமோ, சத்துக் குறைவுக்கும் சிறுநீரக நலிவுக்கும் அடையாளமாக நிற்கும் சாட்சியோ என்பது இன்னும் வழக்கிலிருக்கிறது.

எலும்பின் அடர்த்தியை நேரே அளந்து மூளையோடு பொருத்திய முயற்சியும் நடந்தது. 1980களின் இறுதியில் முதல் தலைமுறையினரில் எஞ்சியிருந்தவர்களின் தொடையெலும்புக் கழுத்தை நவீனக் கருவியால் அளந்து வைத்திருந்தார்கள். அவர்களுள் மறதி நோயில்லாத 987 பேரைத் தொடர்ந்து பார்த்து 2005இல் வெளியிட்ட முடிவு, அடர்த்தி மிகக் குறைந்த கால்பங்குப் பெண்களுக்கு அல்ஸைமர் நோயின் அபாயம் மற்றவர்களைப்போல் இரு மடங்குக்கு மேல் என்றது. ஆண்களிடத்தில் அது உறுதிப்படவில்லை. வாழ்நாள் முழுவதும் ஈஸ்ட்ரோஜன் உடலில் எவ்வளவு இருந்தது என்பதற்கு எலும்பே கணக்கேடு என்று அக்கட்டுரையாளர் விளக்கம் கூறினர். 1999 முதல் இரண்டாம் தலைமுறையினருக்குக் காந்தப் படமூலம் மூளையைப் பார்க்கத் தொடங்கியபின், சிறு ரத்தக்குழாய்கள் நலிவதால் மூளையின் வெண்பகுதியில் விழும் தழும்புகளையும் எண்ண முடிந்தது. அவற்றை எலும்பின் அடர்த்தியோடு ஒப்பிட்டபோது தொடர்பு மெல்லியதாகவே இருந்தது. எல்லாரிடத்திலும் ஒருபடித்தாய்க் காணவில்லை. ராட்டர்டாமில் 3,651 முதியோரைத் தொடர்ந்து 2023இல் வெளிவந்த ஆராய்ச்சியும், தொடையெலும்புக் கழுத்தின் அடர்த்தி குறைந்தவர்களுக்கு மறதி நோய் அதிகம் என்று கண்டது. ஆனால் அத்தொடர்பு அளந்ததற்குப் பின் வரும் சில ஆண்டுகளிலேயே வலுவாக இருந்ததால், மூளையின் நோய் வெளிப்படுமுன்னரே எலும்பைத் தேய்க்கிறதோ என்ற ஐயம் எழுந்தது. நோயின் தொடக்கத்தில் மனிதன் நடமாட்டம் குறைந்து, உண்பது குறைந்து, வெயில் படாமல் வீட்டினுள் அடங்கிவிடுகிறான். எலும்பு தேய்வதற்கு அவையே போதும். எது முன், எது பின் என்று அறிவதற்கு இளமை தொட்டு அளந்த ஏடுகள் வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1948இல் அவ்வூரார் ஏறக்குறைய அனைவரும் ஐரோப்பிய வம்சத்து வெள்ளையர். 1994இல் தான் கறுப்பர், ஸ்பானிய மொழியினர், ஆசியர் முதலிய பிற இனத்தவரில் ஐந்நூற்றுச் சொச்சம் பேர் சேர்க்கப்பட்டனர். ஆகவே அங்குக் கண்ட அளவுகளை, உடற்கட்டும் உணவும் வெயிலும் வேறான நம்மவரிடம் அப்படியே பொருத்துவது தவறாகும். தென்னிந்தியப் பெண்களுக்கு எலும்பும் ரத்த அழுத்தமும் மூளையும் எப்படி ஒன்றையொன்று தொடர்கின்றன என்று சொல்ல, தென்னிந்தியப் பெண்களையே முப்பது வயது முதல் எண்பது வயது வரை பார்த்தாக வேண்டும். ஒரே தாலுக்காவில், ஒரே ஆஸ்பத்திரியில், அதிகாரிகள் மாறினாலும் மாறாத ஒழுங்கோடு, மூன்று தலைமுறை நடக்கக்கூடிய அத்தகைய ஆராய்ச்சிக்குப் பொருள் ஒதுக்கும்படி நம் அரசாங்கங்களையும் சர்வகலாசாலைகளையும் கேட்டுக்கொள்வது பொருத்தமென்றே தோன்றுகிறது.

அதுவரைக்கும், உறுதியாகத் தெரிந்தது சிறிதானாலும் பயன்படக்கூடியது. எலும்பு மருந்து மூளையின் குழாய்களைக் காக்கும் என்று எவரேனும் விற்க வந்தால் அதற்கு ஆதாரம் இல்லை. உயர்ந்த ரத்த அழுத்தமும் சீரற்ற இருதயத் துடிப்பும் பக்கவாதத்தைக் கொண்டுவரும் என்பதற்கோ ஐயமே இல்லை. வீட்டிலுள்ள மூத்த பெண் ஒருவர் நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டையோ இடுப்பையோ முறித்துக்கொண்டால், கட்டுப்போட்டு அழைத்து வந்துவிடாதீர்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கச் சொல்வதோடு, அன்றைக்கே ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்துக் குறித்துத் தரும்படி வைத்தியரைக் கேளுங்கள்.